மூன்றாவது ஹார்ட் டிஸ்க்

பஞ்சவர்ணம் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் கிளிதான் நினைவுக்கு வரும். ஆள் அப்படிப் படபடவென்று பேசுகிறவள் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். தா.பழூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவளுடைய ஊர். அப்பா செல்லமுத்துவுக்கு வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். அம்மா பாப்பாத்தி. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அரியலூரில் கல்லூரியில் கணக்குப் படித்தாள். 1997இல் ஜவுளிக்கடை மாடியில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்கிற வேலை கிடைத்தது.

நாலு வருஷம் பத்திரிகை அடித்தாள். அந்த நாலு வருஷத்தில் எத்தனை மணமக்கள் பெயரை அடித்திருப்பாளோ அவளுக்கே தெரியாது. பெயர்கள் எல்லாம் மஞ்சள் அட்டையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பது அவளுக்கு ஒரு குறையாகவே பட்டது. அவை அசைந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்கு ரயில் ஏறிப் போய் அனிமேஷன் கற்றுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம கூட வூட்ல தங்கமாட்டேங்குதே இந்தப் புள்ள" என்று பாப்பாத்தி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2002இல் அன்பழகன் அவளைத் தேடி அச்சகத்துக்கு வந்தார். அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட்டிங் செய்து கொடுக்கும் ஸ்டூடியோ அவருடையது. பழைய கேசட் மிஷின்களை ஓரங்கட்டிவிட்டு அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். நாற்பது வயது, நல்ல உயரம், யாரைப் பார்த்தாலும் சிரித்த முகம். "படம் எடுக்கறதுக்கு நான் இருக்கேன் தங்கச்சி. டைட்டில் போடறதுக்குத்தான் ஆள் இல்ல. நீ வா" என்றார். அவள் போனாள்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் டைட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரோஜாப்பூ விரியும், இதயம் துடிக்கும், மயில் ஒன்று பறந்து வந்து உட்காரும். எல்லாம் எங்கோ விற்ற சி.டி.யில் இருந்து எடுத்தவை. பெரம்பலூரானாலும் ஜெயங்கொண்டமானாலும் அதே மயில்தான். பஞ்சவர்ணத்துக்கு அந்த மயிலைக் கண்டாலே எரிச்சல். அவள் வேறொன்று செய்தாள். இருண்ட திரையில் முதலில் புள்ளிகள் தோன்றும். பிறகு ஒரு வெள்ளைக் கோடு கிளம்பிப் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும். பார்க்கிறவர்கள் இது கோலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கடைசி வளைவில் கோடு பிரிந்து மாப்பிள்ளை பெயராகவும் பெண் பெயராகவும் மாறி நிற்கும். மொத்தம் பதினெட்டு விநாடி. அவளுக்கு வாசலில் மாவுக்கோலம் சரியாக வராது. கிராஃப் தாளில் பென்சிலால்தான் வரைவாள். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஜன்னல் வழியாகத் தெரிந்த வாசல்களைப் பார்த்துப் பார்த்து, நாற்பத்தாறு கோலங்கள் வரைந்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் அசைய வைக்க மூன்று வாரம் பிடித்தது.

"அந்தக் கோலம் வர்ற வீடியோக்காரங்க" என்று அன்பழகன் ஸ்டூடியோவுக்கு ஊரில் பெயர் வந்துவிட்டது. உடையார்பாளையத்துக்கு அப்பாலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. திருச்சியில் அவளுக்குப் பாடம் எடுத்தவர் அவளுடைய கோலத்தை அங்கே யாருக்கோ காட்டியிருந்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அன்பழகனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"போறதுன்னா போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா அங்க நூறு பேர்ல நீ ஒருத்தி. ஒனக்கு ஒரு மூலையில நாற்காலி போடுவான். இங்க இருந்தீன்னா போர்டுல ஒம் பேரயும் சேத்துப் போடறேன். அன்பு - வர்ணம் டிஜிட்டல். எப்படி இருக்கு?"

அவர் மனைவி சாந்தாவும் அங்கே நின்றிருந்தாள். "நீ போயிட்டா எனக்கு யாரு வர்ணம் பேச்சுத்தொண?" என்றாள். ஸ்டூடியோவுக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. மத்தியானச் சாப்பாட்டை பஞ்சவர்ணம் சாந்தாவோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அவள் தூக்குவாளியில் கொண்டுவந்த தயிர்ச்சோற்றை சாந்தா எடுத்துக்கொண்டு, அவளுக்குச் சுடுசோறு போடுவாள். சென்னைக்குப் பதில் எழுதினாள்: வர இயலவில்லை.

இருந்தாலும் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். அதுதான் அவள் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்ட முதல் நிபந்தனை. புது மிஷின் வேண்டும். அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று அவள்தான் தீர்மானிப்பாள்.

ஸ்டூடியோவில் இருந்த கம்ப்யூட்டரில் ரேம் இருநூற்று ஐம்பத்தாறு எம்.பி. ரேம் என்பது வேலை செய்யும் நேரத்தில் கம்ப்யூட்டர் கையில் வைத்திருக்கிற நினைவு. ஓடும் சித்திரத்தில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். அத்தனையையும் கையில் வைத்துக்கொண்டால்தான் செய்ததை ஓட்டிப் பார்க்க முடியும். அந்த மிஷினில் மூன்று விநாடிதான் ஓடும், பிறகு நின்றுவிடும். பதினெட்டு விநாடிக் கோலத்தை அவள் மூன்று மூன்று விநாடித் துண்டாகத்தான் பார்த்திருந்தாள். முழுதாக ஓடிப் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டரை அதன் பாட்டுக்கு நாலைந்து மணி நேரம் வேலை செய்ய விட்டு, முடிந்த பிறகு பார்க்க வேண்டும். அப்போது தப்பு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு வாரம் யோசித்து ஒரு தாளில் எழுதினாள். ரேம் ஐநூற்றுப் பன்னிரண்டு எம்.பி.யில் இரண்டு, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வேகம். ஹார்ட் டிஸ்க் மூன்று. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு நாற்பது ஜி.பி.யில் ஒன்று. வேலைக்கு நூற்றிருபது ஜி.பி.யில் வேகமாகச் சுற்றும் டிஸ்க் ஒன்று. அதே அளவில் இன்னொன்று, நகல் வைப்பதற்கு.

அன்பழகன் தாளைப் படித்தார்.

"ரெண்டு ரேம் சரி. ஹார்ட் டிஸ்க் எதுக்கு மூணு?"

"ஒரே டிஸ்க்குல மிஷினும் ஓடி, படமும் ஓடுனா திக்கித் திக்கி நிக்குதுங்கண்ணே. தனித்தனியா இருந்தா ஒண்ணு படிக்கும், ஒண்ணு எழுதும். ஒரு கல்யாணத்துக்கு மூணு கேசட்டு. மூணையும் ஏத்துனாலே நாப்பது ஜி.பி. போயிடுது. அதான் பெருசு கேக்கறேன்."

"அது புரியுது. இந்த மூணாவது?"

"அதுல வேலையெல்லாம் ஒரு நகல் இருக்கும். ரெண்டாவது டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னா எல்லாம் போயிடும்ல?"

"புது டிஸ்க்கு எப்படிக் கெடும்? கேரண்டி தர்றான்ல" என்று சிரித்தபடியே பேனாவை எடுத்து மூன்றாவது டிஸ்க் இருந்த வரியை அடித்தார். "இது அடுத்த வருஷம் பாத்துக்குவோம் தங்கச்சி."

கேட்டதில் முக்கால்வாசி கிடைக்கிறதே என்று நினைத்தாள். 2004 ஆவணியில் அவர் சென்னைக்குப் போய் மிச்சத்தை எல்லாம் எழுதிக் கொடுத்தபடியே வாங்கி வந்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

முதல் நாள் கோலத்தைப் போட்டு ஓட்டினாள். மூன்று விநாடி தாண்டியது. ஐந்து. பத்து. கோடு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பதினெட்டாவது விநாடியில் பெயர்கள் வந்து நின்றபோது அவளையும் அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணி, இங்க வாங்களேன்" என்று பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். சாந்தா ஈரக்கையோடு வந்து பார்த்தாள். "எம்மாடி! பாம்பு மாதிரி போவுது பாரேன்" என்றாள். பெரிய டிஸ்க்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி கம்ப்யூட்டர் கேட்டது. ஆங்கில எழுத்தில் 'வர்ணம்' என்று அடித்தாள். போர்டில் பெயர் வருகிறவரை இதிலாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

ஆறு மாதத்தில் நாற்பத்தாறு கோலங்களில் முப்பத்தொன்று முடிந்துவிட்டது. பழைய மிஷினில் செய்தவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றி, பழையதை அழித்துவிட்டாள். மிச்சக் கோலங்களை அடுத்த தை மாத முகூர்த்தங்களுக்குள் முடித்துவிடலாம் என்று இருந்தாள். போர்டு மட்டும் மாறவில்லை. கேட்டால், "நல்ல நாள் பாத்துட்டிருக்கேன்" என்பார் அன்பழகன்.

2005 மாசியில் அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் பக்கவாட்டில் திறந்து கிடந்தது. அன்பழகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கண்ணே ஆச்சு?"

"முந்தாநாளு கரண்டு எறங்கி ஏறுச்சு. டப்புன்னு ஒரு சத்தம். பெரிய டிஸ்க்கு போயிடுச்சு வர்ணம். ரேம்ல ஒண்ணும் சேந்து போயிடுச்சு."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பெரிய டிஸ்க் இருந்த இடத்தில் கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"டிஸ்க்கு எங்க?"

"சர்வீஸ்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். கேரண்டில மாத்திக் குடுப்பான். ஆனா உள்ள இருந்தது வராதுன்னுட்டான். இந்த லாரிப் புழுதில நாளு பூரா ஓட விட்டா எந்த டிஸ்க்குதான் தாங்கும்?"

அரியலூரில் புழுதிக்குக் குறைவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க ஸ்டேஷன் ரோட்டில் போகும். தினமும் காலையில் கீபோர்டைத் துடைத்தால் துணி வெள்ளையாகிவிடும். அவர் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாந்தா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத வர்ணம். கையில வித்தை இருக்குல்ல, மறுபடி போட்டுக்கலாம்" என்றாள். காபி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பஞ்சவர்ணத்துக்கு அன்பழகன் மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. மூன்றாவது டிஸ்க் வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கவில்லை? அவர் பேனாவை எடுத்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றோம்? ஊருக்குப் போகும் பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு போவாள். அந்த மாதங்களில் சரியாகச் சாப்பிடவில்லை, இளைத்துப் போனாள். பாப்பாத்தி, பெரியப்பா போன துக்கம் என்று நினைத்தாள்.

மிச்சமிருந்த ஒற்றை ரேமை வைத்து, எங்கிருந்தோ வந்த ஒரு பழைய நாற்பது ஜி.பி. டிஸ்க்கை மாட்டி, வேலையை முதலிலிருந்து தொடங்கினாள். கோலம் ஏழு விநாடிக்கு மேல் ஓடவில்லை. முன்போல மணிக்கணக்கில் வேலை செய்ய விட்டால், பழைய டிஸ்க் திக்கி, பாதியில் மிஷின் நின்றுவிடும். கோடுகளைக் குறைத்தாள், புள்ளிகளைக் குறைத்தாள். "நீ ரொம்பக் கனமா பண்ற. சிம்பிளா பண்ணு" என்றார் அன்பழகன். மாற்று டிஸ்க் எப்போது வரும் என்று கேட்டால், "வரும் வரும், சென்னைக்காரன் இழுத்தடிக்கறான்" என்பார்.

வைகாசியில் சாமிக்கண்ணு என்ற பள்ளிக்கூட ஆசிரியர் தன் மகள் அனிதாவின் கல்யாண வீடியோவை வாங்க வந்தார். போட்டுக் காட்டியபோது டைட்டிலில் கோடு திக்கித் திக்கி நகர்ந்தது. கோலமும் பாதிதான் இருந்தது. ஆசிரியர் முகம் சுருங்கியது. "போன வருஷம் எங்க மச்சான் வூட்டுக்குப் போட்டது தண்ணி மாதிரி ஓடுச்சே. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார்.

அன்பழகன் பஞ்சவர்ணத்தைக் காட்டினார். "என்ன பண்றது சார். நல்ல டிஸ்க்க இந்தப் பொண்ணு கெடுத்து வச்சிருச்சு. பொம்பளப் புள்ளைங்க கையில மிஷினக் குடுத்தா இதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் உண்மை என்றே அவளும் நினைத்திருந்தாள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, அப்பா செல்லமுத்து பெயருக்குப் பட்டா மாற்றும் மனுவைக் கொடுக்க அவள் பெரம்பலூர் போனாள். அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டிருந்த வருஷங்கள் அவை. கலெக்டர் ஆபீஸ் என்றால் பெரம்பலூருக்குத்தான் போக வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு பேக்கரியில் டீ வாங்கினாள். கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் கேபிளில் ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம்.

இருண்ட திரையில் புள்ளிகள் தோன்றின. ஒரு வெள்ளைக் கோடு கிளம்பியது.

டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே நின்றாள். கோடு மூன்றாவது வரிசையில் திரும்பும் இடத்தில் லேசாக ஒரு குதி குதித்தது. அந்த இடத்தில் அவள் ஒரு படத்தை விட்டுவிட்டிருந்தாள். பிறகு சரிசெய்யலாம் என்று இருந்தாள், செய்யவே இல்லை. பதினெட்டாவது விநாடியில் கோலம் பிரிந்து ஜவுளிக்கடையின் பெயராக நின்றது. கீழே சின்ன எழுத்தில் ஒரு ஸ்டூடியோவின் பெயரும் துறையூர் ரோடு என்ற முகவரியும்.

"என்னம்மா, டீ ஆறுது" என்றார் கடைக்காரர்.

ஆட்டோ பிடித்து துறையூர் ரோட்டுக்குப் போனாள். புதுப் பெயின்ட் வாசனை போகாத கடை. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் வினோதினி என்று பிறகு தெரிந்தது.

"வாங்கக்கா. கல்யாணமா, காதுகுத்தா?"

"கல்யாணம்" என்றாள் பஞ்சவர்ணம். "டைட்டில் பாக்கணும். கோலம் வருமே, அது."

வினோதினிக்கு முகம் மலர்ந்தது. "அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. மொத்தம் முப்பத்தோரு மாடல் இருக்குக்கா. பேர மட்டும் மாத்துனா போதும்." மவுஸை அசைத்துத் திறந்தாள். டிஸ்க்குகளின் பட்டியல் திரையில் வந்தது. இரண்டாவதாக, ஆங்கில எழுத்தில், வர்ணம்.

"இது எல்லாம் நீ பண்ணதாம்மா?"

"அய்யோ இல்லக்கா. மெட்ராஸ்ல யாரோ பண்ணதாம். எங்க ஓனர் வாங்கியாந்தாரு. அரியலூர்லயும் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கு. அன்பழகன் சார்."

"மிஷின் நல்லா வேகமா இருக்கே."

"ரெண்டு ஐநூத்திப்பன்னெண்டு போட்டிருக்காருக்கா. ஒண்ணு புதுசு, ஒண்ணு அங்கேருந்து கொண்டாந்தாரு. மாசியில தொறந்தப்பவே இதான்."

வாசலில் யாரோ வந்து கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்க்கா" என்று வினோதினி எழுந்து போனாள்.

பஞ்சவர்ணம் நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு கோலங்களும் ஒரே கோப்புறையில் இருந்தன, அவள் வைத்த பெயர்களிலேயே. மொத்தம் ஒன்பது ஜி.பி. அவள் பையில் அதை எடுத்துப்போக எதுவும் இல்லை. பட்டா மனுவின் ரசீதும் குடையும்தான் இருந்தன. எடுக்க முடியாது, ஆனால் அழிக்க முடியும். இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். விரலை வைத்தும் விட்டாள். வாசலில் வினோதினி யாரிடமோ, "வியாழக்கெழம குடுத்துடுவோம் சார், கண்டிப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. வியாழக்கிழமை கொடுக்க முடியாமல் போனால் இந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் நிறுத்தி என்ன சொல்வார்கள் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். விரலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வூட்ல கேட்டுட்டு வரேம்மா" என்றாள். படி இறங்கியவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நீ பண்றத இன்னொரு டிஸ்க்குல ஒரு நகல் போட்டு வச்சுக்க. வேணாம்னு சொன்னாலும் போட்டுக்க."

அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்த்தாள். பெரியப்பாவுக்காக அவள் ஊரில் அழுதுகொண்டிருந்த நாட்களில் டிஸ்க் பெரம்பலூர் போயிருக்கிறது. கரண்டு, சத்தம், சர்வீஸ்காரன், சென்னை, கேரண்டி எல்லாம் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பொய்கள். ஐந்து மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தபோதுதான் முன் சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நின்றபடியே கேட்டாள்.

"பெரம்பலூர்ல என் டிஸ்க்கப் பாத்தேன்."

அன்பழகன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துடைத்தார்.

"ஒன் டிஸ்க்கா? வாங்குனது யாரு?"

"டிஸ்க்கு உங்களுதுண்ணே. உள்ள இருந்த வேல?"

"சம்பளம் வாங்கிட்டுத்தான பண்ணுன? என் மிஷினு, என் கரண்டு, என் எடம். உள்ள இருக்கறது மட்டும் ஒனக்கு எப்படிச் சொந்தமாவும்?"

"அப்ப ஏன் செத்துப்போச்சுன்னு சொன்னீங்க? எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

துணியை மடித்து வைத்தார். "சொன்னா நீ அங்கயும் பேரு போடணும்பே, பங்கு வேணும்பே. நாளைக்குக் கல்யாணம் ஆயி ஒருத்தன் பின்னாடி போயிடுவ. ஒன்ன நம்பி நான் ரெண்டு கடை நடத்த முடியுமா?"

"வாத்தியார் முன்னாடி, நான் கெடுத்துட்டேன்னு சொன்னீங்களே."

"யாவாரத்துல ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் ஆவணும்."

பின்கட்டு வாசலில் சாந்தா நின்றுகொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் அவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

சாந்தா தரையைப் பார்த்தாள். நிலைப்படியை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "வெளியில சொல்லாதேன்னாங்க வர்ணம்" என்றாள்.

அன்பழகன் சொன்ன எதுவும் அவளை அந்த அளவு தாக்கவில்லை. மனத்துக்குள் மறுபடி மறுபடி வந்தது அந்தக் காபியும், முகத்தைத் துடைத்த முந்தானையும்தான். எல்லாம் தெரிந்துகொண்டே துடைத்துவிட்டிருக்கிறாள்.

"எனக்கு ஒரு நகல் மட்டும் குடுத்துடுங்க. நான் போயிடறேன்" என்றாள் அன்பழகனிடம்.

"டிஸ்க்கு வாங்கிட்டு வா, போட்டுத் தரேன்" என்றார்.

அவள் புது டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு பெரம்பலூருக்கு மூன்று முறை போனாள். முதல் முறை கடை பூட்டியிருந்தது. இரண்டாவது முறை மிஷின் வேலையில் இருப்பதாக அன்பழகன் சொன்னார். மூன்றாவது முறை, "நாளைக்கு வா" என்றார். நான்காவது முறை அவள் போகவில்லை.

அந்த டிஸ்க்கை வைத்தே தன் மிஷினைத் தொடங்கினாள். அரியலூர் பெருமாள் கோயில் தெருவில் மாடியில் ஓர் அறை. இந்த முறை சென்னைக்கு அவளே ரயில் ஏறினாள். கடை கடையாக ஏறி, பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கினாள். கையில் இருந்தது எல்லாவற்றுக்கும் போதாது. எதை விடுவது என்று யோசித்தபோது ரேமில் ஒன்றை விட்டாள். பின்னால் இன்னொன்று போட இடம் இருக்கிற மதர்போர்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். ரேம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். நகல் டிஸ்க்கை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் அந்த டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தா.பழூர் பஸ் ஏறுவாள். வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். அடுத்த சனிக்கிழமை காலையில் எடுத்து வந்து புது வேலையை ஏற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுபோவாள்.

"என்னாம்மா அது, கொழந்தையத் தூக்கிட்டு வர மாதிரி தூக்கிட்டு வர்ற?" என்று செல்லமுத்து கேட்டார்.

"என் வேலைப்பா. ஒண்ணு அங்க இருக்கு, ஒண்ணு இங்க இருக்கட்டும்."

கோலத்தை மறுபடி செய்ய உட்கார்ந்தாள். முதல் இரண்டை முடித்து ஒரு வீட்டாருக்குக் காட்டினாள். அந்த அம்மா பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இது பெரம்பலூர்க்காரங்க போடறதாச்சே. அவுங்களப் பாத்துப் பண்ணுனியா?" என்று கேட்டாள். பஞ்சவர்ணம் "ஆமாங்க" என்றாள். விளக்கம் சொல்லப்போனால் அழுதுவிடுவோம் என்று பயம். அதற்கப்புறம் அவள் கோலம் செய்யவில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துத் தறிகளைப் பார்த்து, இழை இழையாக ஓடி வந்து பெயர் நெய்யப்படுகிற மாதிரி ஒன்று செய்தாள். அதுவும் பிடித்துப்போயிற்று. ஆனால் பழையதைப் போல அதன்மேல் அவளுக்கு ஆசை விழவில்லை. நேர்த்தியாகச் செய்தாள், அவ்வளவுதான்.

2006 கார்த்திகையில் ஒரு நாள் வினோதினி மாடியேறி வந்தாள். விஷயம் எப்படியோ தெரிந்து அங்கிருந்து நின்றுவிட்டிருந்தாள். கையில் மூன்று டி.வி.டி. "அன்னைக்கு நீங்க நகல் போட்டு வச்சுக்கச் சொன்னீங்கள்ல. போட்டேன்க்கா. இதெல்லாம் உங்களுதுதான்" என்று நீட்டினாள். பஞ்சவர்ணம் அவற்றை ஓட்டிப் பார்த்தாள். கோலங்களுக்கு நடுவில் அதே பழைய மயிலைக் கொண்டுவந்து பறக்க விட்டிருந்தார்கள். மூலையில் இதயம் துடித்தது. நாலைந்து பார்த்துவிட்டு நிறுத்தினாள். வினோதினி வேலை கேட்டாள். ஒரு வாரம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். நன்றாகவே வேலை செய்தாள் அந்தப் பெண். அவளிடம் தவறாக எதையும் பஞ்சவர்ணம் பார்த்ததில்லை. ஆனாலும் அறைச் சாவியை ஒரு நாளும் அவள் கையில் கொடுக்கவில்லை. பஸ் தாமதமான நாட்களில் வினோதினி மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பாள். அதைப் பார்க்கும்போது பஞ்சவர்ணத்துக்குத் தன்மேலேயே வெட்கமாக இருக்கும். இருந்தும் கொடுக்க முடியவில்லை.

2007இல் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பழனிவேல் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். வேலையை விடமாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள். அவரும், "யாரு விடச் சொன்னா?" என்றுதான் கேட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் சென்னை போக அரியலூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாந்தா வந்து அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் இருப்பது யார் என்று முதலில் அவள் கவனிக்கவில்லை. கவனித்ததும் எழுந்து போய்விடுவாள் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். போகவில்லை.

"கல்யாணமாமே?"

"ஆமாங்க."

அண்ணி என்று கூப்பிடவில்லை என்பதை இருவருமே கவனித்தார்கள்.

"நான் அன்னைக்கே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும் வர்ணம். அவுங்களுக்குப் பயந்துட்டேன்."

"நீங்க சொல்லாம இருந்தத விடுங்க. பக்கத்துல ஒக்காந்து அழுவாதன்னு சொன்னீங்களே, அதத்தான் என்னால இன்னும் தாங்க முடியல."

சாந்தா அழுதாள். பஞ்சவர்ணத்தின் கையில் கைக்குட்டை இருந்தது. கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. பையை எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் கடைசிக்கு, வேறு பெட்டி நிற்கும் இடத்துக்கு நடந்து போனாள்.